ஊது, ஆர்லிஸ்!

ஓக்ஃபோர்ட், அலபாமா
மே 14, 1973

அன்புள்ள தம்பி ரேபர்னுக்கு,

அண்ணி வெர்லீன் எழுதுகிறேன். நானும் டெஸ்ஸியும் உடம்பளவில் சௌக்கியம். உன் தோள்பட்டை எலும்பு கூடிவிட்டதா? கட்டு பிரித்ததும் கனமாக எதையும் தூக்காதே என்று டாக்டர் சொன்னது உன் காதில் ஏறியிருக்காது என்று எனக்குத் தெரியும்.

நேற்று இங்கே பூ ஞாயிறு. வழக்கம்போல ஊரே கல்லறைத் தோட்டத்தில்தான். களை பறித்து, மண்ணைக் கூட்டி, காகிதப் பூக்களை மெழுகில் முக்கி வாளி வாளியாகக் கொண்டுவந்திருந்தார்கள். உனக்கே தெரியும், யார் வீட்டுக் கல்லானாலும் ஒரு பூ வைக்காமல் யாரும் தாண்டுவதில்லை. குதிரை திருடி மாட்டிக்கொண்ட அந்தக் காலத்து ஆளின் கல்லுக்குக்கூட நேற்று முப்பது பூ இருந்தது. உன் அண்ணனின் மண்மேல் இரண்டு. என்னுடையது ஒன்று, டெஸ்ஸியின் மஞ்சள் பூ ஒன்று.

உன் அண்ணனோடு விபத்தில் போன ஹாய்ட்டின் அம்மா ஐடெல்லாதான் முன்னால் வாளியோடு போனாள். ஆர்லிஸ் இருக்கும் இடம் வந்ததும் தாண்டிப் போய்விட்டாள். பாதிரியார் மனைவி மெதுவாக, "ஐடெல்லா, அங்கயும் ஒண்ணு வெச்சிரு" என்றாள். "தூங்கிக்கிட்டே வண்டி ஓட்டி எம்புள்ளயக் கொன்னவனுக்கு எங்கையால பூவா? இந்தக் கை அழுகிப்போகும்" என்றாள். அவளுக்குப் பின்னால் வந்த மொத்த வரிசையும் தாண்டிப் போனது. அவளைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே பிள்ளை.

ஜார்ஜியா போலீஸ் ஒரு அட்டைப் பெட்டி அனுப்பியிருக்கிறது. கிதாரின் கழுத்து இரண்டாக இருக்கிறது. விரலில் மாட்டிக் கம்பிமேல் இழுப்பாரே, அந்த மருந்துச் சீசா மட்டும் கீறல்கூட இல்லாமல் வந்திருக்கிறது. பூட்ஸ் இருக்கிறது. சாக்ஸ் இரண்டையும் உருட்டி வலது பூட்ஸுக்குள் சொருகியிருந்தது.

ரேபர்ன், அன்றைக்கு அவர் ரொம்பக் களைத்திருந்தாரா? கடைசியாக என்ன பேசினார்? சவ அடக்கத்துக்கு மூன்று நாள் இங்கே இருந்தாய். அதைப் பற்றி ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை.

டெஸ்ஸி சித்தப்பாவுக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
வெர்லீன்


மேக்கன், ஜார்ஜியா
ஜூலை 2, 1973

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். தோள் தேவலை. மழை வருவதற்கு முந்தின நாளே வலித்துச் சொல்லிவிடுகிறது. வானிலை அறிக்கை இனி நம் வீட்டுக்குத் தேவையில்லை. உங்களுக்கும் குழந்தைக்கும் உடம்பு நன்றாக இருக்கிறதா?

'செகண்ட் ஷிப்ட்' மறுபடி நடக்கிறது. கலைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பாஸ் வாசிக்கும் டூயி விடவில்லை. "நாலு பேரும் மில்லுல ரெண்டாவது ஷிப்ட் முடிச்சு ஊர் உறங்கும்போது கட்டுன பேண்டுடா இது, ஒருத்தன் நிறுத்தச் சொன்னா நிக்காது" என்று சண்டை போட்டான். கிதாருக்கு மெம்பிஸ்காரன் ஒருவன், டிரம்ஸுக்கு இன்னொருவன். மெம்பிஸ்காரன் சுத்தமாக வாசிக்கிறான். கை கழுவிவிட்டு வாசிப்பதுபோல அவ்வளவு சுத்தம்.

பிப்ரவரியில் அண்ணனும் ஹாய்ட்டும் இருந்தபோது பதிவு செய்த 'மூணு மணிச் சங்கு' பாட்டு செப்டம்பரில் இசைத்தட்டாக வருகிறது. கம்பெனிக்காரர்கள் அதன்மேல் பெரிய நம்பிக்கை வைத்திருக்கிறார்கள்.

பீச் பழம் ஒரு கூடை பஸ்ஸில் போட்டிருக்கிறேன். டெஸ்ஸிக்கு என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ரேபர்ன்


ஓக்ஃபோர்ட்
ஜூலை 15, 1973

அன்புள்ள ரேபர்ன்,

நாங்கள் நலம். பீச் வந்தது. பாதி வழியிலேயே நசுங்கியிருந்தது, ஜாம் காய்ச்சிவிட்டேன். நான் கேட்டதற்குப் பதில் மட்டும் கூடையில் இல்லை.

மில்லில் ஐடெல்லாவுக்கும் எனக்கும் எதிரெதிர் மேசை. ஆறு வருஷமாக முகம் பார்த்தபடி சாக்ஸ் ஜோடி சேர்த்தவர்கள் நாங்கள். இப்போது தன் மேசையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். எட்டு மணி நேரம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு ஜோடி சேர்க்கிறேன். வாயால் திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கிறது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? தூக்கம் என்று ஆரம்பித்தது, இப்போது குடி என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து வெளியே வரும்போது ஒருத்தன், "ஆர்லிஸ் நல்லவந்தான், ஆனா பாட்டுக்காரனுக்கும் பாட்டிலுக்கும் எவ்வளவு தூரம்?" என்று சொன்னது டெஸ்ஸி காதில் விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து உன் அண்ணன் மோர் தவிர எதிலும் வாய் வைத்ததில்லை. குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்தவன் யார் என்பது ஊருக்கு மறந்துபோயிருக்கலாம். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எரிச்சல், கையில் வந்துவிட்டது.

மறுபடி கேட்கிறேன். அன்றைக்கு என்ன நடந்தது?

வெர்லீன்


அட்லாண்டா
செப்டம்பர் 20, 1973

அன்புள்ள அண்ணி,

நலம்தானே? எனக்கு ஒன்றுமில்லை, இளைத்திருக்கிறேன் என்று டூயி சொல்கிறான்.

தட்டு வந்துவிட்டது. பெரிய தட்டில் பாட்டு முழுசாக ஐந்தே முக்கால் நிமிடம் இருக்கிறது. ரேடியோவுக்குப் போகும் சின்னத் தட்டு மூன்று நிமிடம். அதற்குமேல் போனால் ரேடியோக்காரன் தொடமாட்டான் என்று கம்பெனி ஆள் அடித்துச் சொல்கிறார். மூன்று பெண்களைக் கூப்பிட்டுப் பின்பாட்டும் சேர்த்திருக்கிறார்கள். அண்ணன் எப்போதும் வைத "சர்க்கரைப் பாகு கோரஸ்" இப்போது மூன்று தடவை வருகிறது. அவன் இருந்திருந்தால் கம்பெனி ஆளை ஜன்னல் வழியாக இறக்கியிருப்பான்.

அவனுக்கு ப்ளூஸ், எனக்கு ரேடியோ. அந்தச் சண்டையில்தான் எங்கள் பாட்டே பிறந்தது. இப்போது சண்டை போட ஆள் இல்லாமல் நான் மட்டும் ஜெயித்துக்கொண்டே இருக்கிறேன் அண்ணி. நன்றாக இல்லை.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

ரேபர்ன்


ஓக்ஃபோர்ட்
அக்டோபர் 9, 1973

ரேபர்ன்,

சௌக்கியம் விசாரிக்கும் மனநிலை இல்லை. நீ நன்றாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று மில்லில் சூப்பர்வைசரின் ரேடியோவில் உன் பாட்டு வந்தது. "நம்ம பசங்க பாட்டு!" என்று அவரே சத்தத்தைக் கூட்டினார். அறை முழுக்க ஜோடி சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஐடெல்லாவின் முதுகும் அசையாமல் நின்றது, டிரம்ஸ் அடிப்பது அவள் மகன் அல்லவா. எனக்கு எல்லாம் மனப்பாடம். இரண்டாவது அடி முடியும், நீ "ஊது, ஆர்லிஸ்!" என்று கூப்பிடுவாய், அவர் சீசாவைக் கம்பிமேல் இழுப்பார், நம் மில் சங்கு அப்படியே எழுந்து அழும். நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன்.

கூப்பிடவே இல்லை. அந்த இடத்தில் மூன்று பெண்கள் "ஊ ஊ" என்றார்கள்.

வீட்டில் டெஸ்ஸிக்கும் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. சித்தப்பா கூப்பிட்டால் அப்பா பதில் சொல்வார் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அவர் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறார். "சித்தப்பா ஏம்மா கூப்புடல? கோவமா?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

வெட்டியது யார்?

வெர்லீன்


நாஷ்வில்
நவம்பர் 28, 1973

அண்ணிக்கு வணக்கம்.

நலம், நலமறிய ஆவல். கம்பெனிதான் வெட்டியது. என் கையில் எதுவும் இல்லை. டெஸ்ஸியிடம் பெரிய தட்டைக் கொடுங்கள், இத்துடன் அனுப்பியிருக்கிறேன், அதில் இருக்கிறது.

பஸ் கிளம்புகிறது.

ரேபர்ன்


ஓக்ஃபோர்ட்
ஜனவரி 21, 1974

அன்புள்ள ரேபர்ன்,

டெஸ்ஸிக்குக் கக்குவான் வந்து இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்கே தெரியும். சனிக்கிழமை மதியம் பர்மிங்ஹாமில் உன்னைப் பார்த்தேன்.

சொல்லிவிட்டு வந்தால் முன்வரிசையில் உட்காரவைத்து நாடகம் ஆடுவாய் என்று சொல்லாமல் வந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் தூண் ஓரம் நின்றேன். நன்றாகப் பாடினாய், அதைச் சொல்லாவிட்டால் பாவம். 'மூணு மணிச் சங்கு' வந்தது. அங்கே வெட்டக் கம்பெனி இல்லை, மூன்று நிமிடக் கணக்கும் இல்லை. இரண்டாவது அடி முடிந்தது. மெம்பிஸ்காரன் உன்னைப் பார்த்தான், கூப்பிடுவாய் என்று. நீ மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கோரஸுக்குத் தாவிவிட்டாய். அந்தப் பையன் கை அந்தரத்தில் நின்றது.

கம்பெனியைச் சொன்னாயே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய், சோறும் போதவில்லை. அவர் பெயர் உன் வாயில் வர மறுக்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயே சொல்ல வேண்டும்.

மே மாதம் இரண்டாம் ஞாயிறு மறுபடி வருகிறது. டெஸ்ஸி இப்போதே காகிதம் கத்தரிக்கிறாள். "இந்த வருஷம் நெறைய செஞ்சா அப்பாவுக்கு நெறைய பூ இருக்கும்ல?" என்கிறாள். ஊர் வைக்காததை ஒரு ஆறு வயசுக் குழந்தை தனியாக ஈடுகட்டப் பார்க்கிறது.

வெர்லீன்


மேக்கன்
மார்ச் 17, 1974

அண்ணி,

ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். இது எட்டாவது.

வண்டியை ஓட்டியது நான்.

டூயி முன்னாலேயே போய்விட்டான், வண்டியில் நாங்கள் மூன்று பேர்தான். காலையிலிருந்து அண்ணன்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். மதியம் சாப்பிட்டதும் அவனுக்குக் கண் சொக்கியது. "நகரு, நான் ஓட்டுறேன்" என்றேன். "உனக்கு லைசென்ஸே இல்லடா, பெரிய ஓட்டுநர் வந்துட்டாரு" என்றான். "அம்பது மைல்தான், எவன் பாக்கப்போறான்" என்றேன். ஹாய்ட்டும் "விடு ஆர்லிஸ், தூங்கு" என்றான். பின் இருக்கைக்குப் போனான், பூட்ஸைக் கழற்றினான், கால் நீட்டினான். அவன் கடைசியாக என்ன பேசினான் என்று கேட்டீர்களே. "அந்தச் சர்க்கரைப் பாகு கோரஸ மட்டும் முணுமுணுக்காதடா, கனவுலயும் வந்து தொலைக்கும்." அவ்வளவுதான்.

அவனைச் சீண்ட வேண்டும் என்றே அதைப் பாடினேன். ஸ்டீரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு, ஹாய்ட்டும் டாஷ்போர்டில் அடிக்க, இருவரும் சிரித்துக்கொண்டு. மழைத் தூறல். வளைவு. ஒரு கை ஸ்டீரிங்கில் இல்லை. நான் குடிக்கவில்லை அண்ணி, அன்றைக்குக் குடிக்கவில்லை. வண்டி பருத்திக் காட்டுக்குள் உருண்டு நின்றபோது மூவரும் வெளியே கிடந்தோம். நான் மட்டும் எழுந்தேன்.

போலீஸ்காரர் வந்து, "யார்யா ஓட்டுனது?" என்று கேட்டார். அடுத்த முறை ஸ்டீரிங்கைத் தொட்டால் ஜெயில்தான் என்று நீதிபதி சொன்னது மட்டும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அண்ணன்மேல் அப்போதுதான் போர்வையை இழுத்துவிட்டார்கள். "ஆர்லிஸ்" என்றேன்.

மேடையில் கூப்பிடுவேனே, அதே குரல். நான் எங்கே பாட்டைக் கைவிட்டாலும் அவன் பெயரைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான். அன்றைக்கும் பார்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்தப் பெயரைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வெட்டச் சொன்னதும் நான்தான்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னை மன்னியுங்கள் என்று எழுதக் கை வரவில்லை.

ரேபர்ன்


ஓக்ஃபோர்ட்
மார்ச் 24, 1974

ரேபர்ன்,

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இது வந்து சேர வேண்டிய இடம் என் வீடு இல்லை. எங்கே கொடுக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

பூ ஞாயிறு மே 12.

வெர்லீன்


மேக்கன்
ஏப்ரல் 29, 1974

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் டெஸ்ஸியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எனக்குக் கொஞ்ச நாளாக நன்றாகத் தூக்கம் வருகிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

விபத்து நடந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். பதினெட்டு மாதம் ஜெயில். மே 13, திங்கட்கிழமை உள்ளே போக வேண்டும். அதற்கு முந்தின நாளை நீதிபதியிடம் கேட்டு வாங்கினேன். எதற்கு என்றார். எங்கள் ஊரில் அன்றைக்கு எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்றேன்.

சின்னத் தட்டை மாற்றச் சொல்லிக் கம்பெனியிடம் கெஞ்சினேன். முடியாது, விற்றுக்கொண்டிருப்பதைத் தொட முடியாது என்றுவிட்டார்கள். ரேடியோவில் அவன் பெயர் வராது அண்ணி. அதை நான் நிரந்தரமாகத் தொலைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். வீட்டுக்கு வரமாட்டேன், நேரே கல்லறைத் தோட்டத்துக்கு.

ரேபர்ன்


ஓக்ஃபோர்ட்
ஜூன் 2, 1974

அன்புள்ள தம்பி ரேபர்னுக்கு,

அங்கே சாப்பாடு எப்படி? சோளக்கஞ்சியில் உப்பாவது போடுகிறார்களா? தோள்வலியைச் சொல்லிக் கனமான வேலை வேண்டாம் என்று கேட்டுப் பார். டெஸ்ஸிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் ஐடெல்லா வீட்டு வேலிபோல இருக்கிறது.

பூ ஞாயிறன்று எல்லோர் முன்னாலும் நீதான் ஓட்டினாய் என்று சொல்லி முடித்ததும் பஸ்ஸுக்குப் போய்விட்டாய். பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. விருந்து மேசைகளில் கோழி வறுவலும் புட்டிங் கிண்ணங்களும் பரப்பியபடி கிடந்தன, அரை மணி நேரம் யாரும் கரண்டி எடுக்கவில்லை. முதலில் எழுந்தது பாதிரியார் மனைவி. ஒரு பூ எடுத்துக்கொண்டு போனாள். பிறகு ஒவ்வொருவராக. போன வருஷம் பாட்டில் என்று பேசினவனும் தலை குனிந்துகொண்டு போனான். உன் அண்ணனின் மண் தெரியாமல் போய்விட்டது. டெஸ்ஸி எண்ணத் தொடங்கி, எண்பதுக்குமேல் தெரியாமல் விட்டுவிட்டாள்.

ஐடெல்லா மட்டும் எழவில்லை. மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வருஷம் வெறுக்க ஓர் ஆள் இருந்தான். இப்போது வெறுப்பை இடம் மாற்ற வேண்டும், அது லேசா?

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். நீ மட்டும் சொன்னால் போதாது.

எனக்குத் தெரியும் ரேபர்ன். பெட்டி வந்த அன்றைக்கே தெரியும். ஆயுள் முழுக்கச் சாக்ஸ் ஜோடி சேர்ப்பவள் நான். படுக்கப் போகும்போதுதான் அவர் சாக்ஸை உருட்டி வலது பூட்ஸில் சொருகுவார். வெறுங்காலோடு அவர் வண்டியைத் தொட்டதே இல்லை. நீ சொல்வாய் என்று காத்திருந்தேன் என்று எனக்கு நானே பெருமை பேசிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. சொன்னால் உன்னை உள்ளே போடுவார்கள், அவர் குடும்பத்தில் எங்களுக்கு மிஞ்சினது நீ ஒருவன்தான். அவர் செத்துவிட்டார், தாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். போலீஸ்காரர் முன்னால் நீ நினைத்ததும் அதுதானே? நீ ஒரு வார்த்தையில் செய்ததை நான் ஒரு வருஷம் வாயை மூடிச் செய்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை மில்லில் ஐடெல்லாவின் முதுகிடம் இதைச் சொன்னேன். ஒரே மூச்சில், சாக்ஸ், பூட்ஸ், எல்லாம். திரும்பவில்லை. "ஒரு வருசமா?" என்றாள். "ஆமா" என்றேன். "நாந்தான் உனக்கு மூஞ்சி காட்டலன்னு நெனச்சிருந்தேன். நீதான் உம் மூஞ்சியக் காட்டாம இருந்திருக்க" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஒரு சொல் இல்லை. நான் அழுதுகொண்டுதான் வேலை செய்தேன், மறைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் அவள் மேசை பழையபடி என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மூணு மணிச் சங்கு ஊத ஐந்து நிமிடம் இருக்கும்போது, கையிலிருந்த ஜோடியைவிட்டுக் கண் எடுக்காமல் கேட்டாள்:

"அவனுக்கு எந்தக் கலரு புடிக்கும்?"

"எதுக்கு?"

"மெழுகுல முக்கணும்ல. என்னோடது மட்டும் ரெண்டு வருசமா விட்டுப்போச்சு."

மஞ்சள் என்றேன். அதற்குள் சங்கு ஊதிவிட்டது, அவளுக்குக் கேட்டதோ இல்லையோ என்று பயந்து இரண்டாம் தடவையும் கத்திச் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

பூட்ஸை எண்ணெய் தேய்த்து வைத்திருக்கிறேன். உன் கால் அளவுதான். வெளியே வந்ததும் போட்டுக்கொண்டு மேடை ஏறு, மெம்பிஸ்காரனை ஓரமாக நிற்கச் சொல், இரண்டாவது அடி முடிந்ததும் அவர் பெயரைக் கூப்பிடு. பதில் வராது. பரவாயில்லை. அந்த இடம் காலியாகவே இருக்கட்டும், நானும் டெஸ்ஸியும் முன்வரிசையில் இருப்போம். இனிக் கூப்பிடலாம்.

உன் அண்ணி,
வெர்லீன்